மாண்டிவிடியோவில் எனக்கென்று ஒரு கோப்பை

அந்தக் குடுவை என் கைக்கு வந்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. சுரைக்குடுக்கையைக் காயவைத்துச் செய்தது. உள்ளே பச்சை இலைத்தூள் நிரம்பி, அதில் வெந்நீர் ஊற்றி, நடுவே ஒரு வெள்ளிக் குழல் செருகியிருந்தார்கள்.

எங்களுக்கு எதிரே கடல் மாதிரி ஓர் ஆறு. சாயங்காலம் ஏழு மணியாகியும் வெயில் இறங்கவில்லை. கரையோரக் கட்டைச்சுவரில் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்: என் ஒரே மகள் நிலா, அவள் கட்டிக்கொள்ளப்போகிற மத்தியாஸ், அவன் அம்மா நோர்மா, என் கணவர், கடைசியில் நான். மாப்பிள்ளையை 'அவன்' என்று எழுதலாமா என்று யாரும் கடிதம் போட வேண்டாம். அவனே அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருக்கிறான்.

முதலில் நோர்மா குடித்தார். பிறகு கக்கத்தில் இடுக்கியிருந்த பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி மகனுக்குக் கொடுத்தார். அவன் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மறுபடி வெந்நீர், நிலாவுக்கு. மறுபடி வெந்நீர், என் கணவருக்கு. அவர் விமானத்தில் பாடம் செய்துவைத்திருந்த ஒரே ஸ்பானிய வார்த்தையை எடுத்துவிட்டு, "கிராசியாஸ்" என்று கும்பிடாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து என் முறை.

ஒரே குழல். நாலு வாய் பட்ட குழல்.

என் கை தானாகக் கைப்பைக்குள் போயிற்று. அதில் எப்போதும் ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூ ஒரு பொட்டலம் இருக்கும். ஒன்றை உருவி, குழலின் நுனியை மேலும் கீழுமாக இரண்டு தடவை துடைத்தேன். மருந்துக்கடையில் முப்பது வருஷம் நின்றவளுக்கு அரைகுறையாகத் துடைக்கத் தெரியாது. துடைத்துவிட்டுப் பேருக்கு ஒரு வாய் உறிஞ்சினேன்.

நிமிர்ந்து பார்த்தேன். நோர்மாவின் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை. நிலா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எந்த ஊர்ச் சம்பந்தம்?

பனியில் எங்கள் கார் புதைந்த கதையை இந்தப் பத்தியில் எழுதியதிலிருந்து, கர்க்லாண்டிலிருந்து ஒரு வாசகி விடாமல் கேட்கிறார்: "உங்கள் மகளைப் பற்றி ஏன் எழுதுவதே இல்லை?" எழுதாததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம்தான் இந்த வாரம்.

மாண்ட்ரியலை ஒட்டிய டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் நிலா அந்தச் செய்தியைச் சொன்னாள். நான் அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த பையன் என்றாள். சரி. தமிழ் இல்லை என்றாள். அதுவும் எதிர்பார்த்ததுதான். உருகுவே என்றாள். கிரைண்டரை நிறுத்திவிட்டேன்.

"அது எங்கட்டி இருக்கு?"

"சவுத் அமெரிக்கா. மாண்டிவிடியோன்னு ஒரு சிட்டி, அதுதான் கேப்பிடல். ஹார்பர்ல அவனுக்கு இன்ஜினியர் வேலை கிடைச்சிருக்கு. கல்யாணம் இங்க வைப்போம்மா. ஆனா அப்புறம் நாங்க அங்கதான் இருப்போம்."

என் கணவர் உடனே போனில் வரைபடத்தைத் திறந்து விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். வெகுநேரம் தள்ளினார். "கோமு, இதுக்குக் கீழ பென்குவின்தான் இருக்கும் போல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் திருநெல்வேலியிலிருந்து மாண்ட்ரியலுக்குக் கிளம்பியபோது என் அம்மாவும் இப்படித்தான் ஒரு வரைபடத்தைப் பார்த்திருப்பாள். தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மா இல்லை.

பொங்கல் முடிந்த கையோடு மூன்று பேரும் கிளம்பினோம். கிளம்பும்போது வீட்டு வாசலில் முழங்கால் உயரப் பனி. இறங்கும்போது சட்டை முதுகில் ஒட்டுகிற வெயில். கிளம்புவதற்கு முன்னால் நிலா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அங்க வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதம்மா, ப்ளீஸ்." நான் மூஞ்சியைத் தூக்கி வைக்கவில்லை. டிஷ்யூவைத்தான் எடுத்தேன்.

ஆறா, கடலா?

ஊரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் நியாயமில்லை. அந்த ஊர் ஒரு பாவமும் செய்யவில்லை.

மாண்டிவிடியோவுக்கு முன்னால் ஓடுவதை வெள்ளி ஆறு என்கிறார்கள். வெள்ளியை எங்கேயும் காணோம், மழைக்காலத் தாமிரபரணியின் நிறம்தான். அக்கரை தெரியாது. அலை அடிக்கிறது, மணல் இருக்கிறது, குடையை நட்டு ஆட்கள் படுத்திருக்கிறார்கள். இவர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பும் இல்ல, சப்பும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தத் தண்ணீரை ஒட்டியே மைல்கணக்கில் ஒரு நடைபாதை, பெயர் ரம்ப்ளா. ஊர் மொத்தமும் சாயங்காலம் அங்கேதான். நடக்கிறவர், ஓடுகிறவர், தூண்டில் போடுகிறவர், காதலிக்கிறவர், எல்லார் கக்கத்திலும் ஒரு பிளாஸ்க், கையில் ஒரு குடுவை. அந்தப் பானத்துக்கு மாத்தே என்று பெயர். பிளாஸ்கை இடுக்கிக்கொண்டே குழந்தையைத் தூக்குகிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். இன்னொரு கை இருந்தால் கல்யாணமும் அப்படியே கட்டிக்கொள்வார்கள்.

பழைய நகரம் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூக்கு. எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் தெருமுனையில் தண்ணீர் தெரியும், அல்லது துறைமுகத்தின் கிரேன் தெரியும். செதுக்கிய பால்கனிகளோடு பழைய வீடுகள், பாதிக்குச் சுண்ணாம்பு உதிர்ந்து, கொடியில் துணி காய்ந்துகொண்டு. நோர்மா அந்தத் துறைமுகத்துச் சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் அங்கேயே கிரேன் ஓட்டியவர், இறந்து சில வருஷம் ஆகிறது. உள்ளே வருகிற கப்பலைத் தூரத்தில் பார்த்தே, ஏற்ற வந்ததா, இறக்க வந்ததா, எவ்வளவு நாள் நிற்கும் என்று நோர்மா சொல்லிவிடுவார்.

எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை எது தெரியுமா? பிரெஞ்சு! அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது, நான் மருந்துக்கடையில் பொறுக்கியது. மாண்ட்ரியலில் நான் பிரெஞ்சில் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். மாண்டிவிடியோவில் என் பிரெஞ்சை ஓர் ஆத்மா கடைசிவரை கேட்டது.

சாப்பாடுதான் பெரிய பயம். துறைமுகச் சந்தைக்குள் நுழைந்தால் விறகுப் புகையும் இறைச்சி வாசமும் முகத்தில் அடிக்கின்றன. நாங்கள் சைவம். இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். ஆனால் முருகன் கைவிடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பீட்ஸாவின் தலையில் ஒரு கடலைமாவு அடையை வைத்துச் சாப்பிடுகிறார்கள்! ஃபைனா என்று பெயர். மிளகு தூவி, ஓரம் முறுகி, சுடச்சுட. ரொட்டியில் தடவ ஒரு பால் இனிப்பு கொடுத்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் திரட்டுப்பால். கரண்டியோடு இரண்டு நாளில் ஒரு பாட்டிலை இவர் காலி செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் கொட்டு கேட்டது. அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் வாரந்தோறும் கொட்டிக்கொண்டு போவார்களாம். ஆரம்பிக்கும் முன்னால் தெருவோரம் தீ மூட்டி, கொட்டுகளைச் சுற்றிவைத்துத் தோலைக் காய்ச்சினார்கள். இவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "நம்ம ஊர்ல பறை காய்ச்சுவாங்கல்லா, அதே மாதிரி!" கொட்டு எங்களைக் கடந்து போகும்போது நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அந்த ஊரை எனக்குப் பிடித்துவிட்டது, அதை ஒளித்து என்ன பயன். பிரச்சினை ஊரில் இல்லை.

நன்றி சொன்னால் முடிந்தது

குழலைத் துடைத்த மறுநாள் காலை நிலா என்னை நோர்மா வீட்டுச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"அம்மா, அந்தக் குழல் மத்தியாஸோட அப்பாவோடது. டெய்லி ஹார்பருக்கு எடுத்துட்டுப் போவாராம். அவர் போனப்புறம் நோர்மா அதை வெளிய எடுத்ததே இல்ல. நேத்து உங்களுக்காக எடுத்துட்டு வந்தாங்க."

"எனக்கு எப்படிட்டி தெரியும்? கிருமின்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றேன்.

"நான் இங்க வாழப்போறேம்மா. நீ வருஷத்துக்கு ஒரு தடவ வந்து, என் வீட்ல எல்லாத்தயும் தொடச்சுத் தொடச்சு..." அவள் நிறுத்தினாள். "அதுக்கு நீ வராமயே இருந்துக்கலாம்."

ஒரே பிள்ளை. அவள் வாயால் இதைக் கேட்டபிறகு அந்தத் திரட்டுப்பாலும் கசந்துவிட்டது.

நோர்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "தெசோலே, தெசோலே" என்று நாலு தடவை சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார். அன்று சாயங்காலம் அதே கட்டைச்சுவரில் உட்கார்ந்தபோது அவர் பையிலிருந்து பூப்போட்ட பீங்கான் கோப்பை ஒன்றை எடுத்தார். எனக்காகத் தேயிலைப் பை, சர்க்கரை, சின்னக் கரண்டி எல்லாம் கொண்டுவந்திருந்தார். குடுவை சுற்றி வந்தது. என்னிடம் வரும்போது என்னைத் தாண்டிப் போனது. நான் என் கோப்பையில் டீ குடித்தேன்.

அதன் பிறகு ஊர் திரும்பும்வரை தினமும் அப்படித்தான். நோர்மா அதை அன்போடுதான் செய்தார், அதில் சந்தேகமே இல்லை.

இவர் கதை வேறு. முதல் நாள் 'கிராசியாஸ்' சொன்னதிலிருந்து இவருக்கும் இரண்டாம் சுற்று வரவே இல்லை. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மத்தியாஸ் விஷயத்தைச் சொன்னான்: குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால், எனக்குப் போதும், இனி வேண்டாம் என்று அர்த்தமாம். வேண்டுமென்றால் சும்மா கொடுத்துவிட வேண்டும். அன்றிலிருந்து இவர் வாயே திறக்கவில்லை. சுற்றுக்குச் சுற்று வாங்கி, கடைசிச் சொட்டுவரை சர்ரென்று உறிஞ்சினார். திருநெல்வேலியில் அந்தச் சத்தம் போட்டால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அங்கே அதுதான் மரியாதை.

ஆக, வட்டத்துக்கு வெளியே நான் ஒருத்திதான்.

செல்வி அக்காவின் கேள்வி

ஊருக்கு வந்தபிறகு, டவுனில் தனியாக இருக்கிற நிலா போனில் பேசுவாள், கல்யாண வேலை மட்டும் பேசுவாள். மண்டபம், பூ, கோயிலில் எத்தனை மணி. 'சாப்பிட்டியாம்மா' என்பது நின்றுபோயிற்று. அதைத் தாங்க முடியாமல் ஒரு சனிக்கிழமை ரொக்ஸ்பரோவுக்கு, செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன்.

செல்வி அக்கா யாழ்ப்பாணம். நிலா பிறந்தபோது எனக்குப் பத்தியம் சமைத்துப் போட்டவர். மனதில் பட்டதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நெஞ்சு வலிக்கும். நான் கதை முழுக்கச் சொல்லி, "எனக்கு அந்தக் கிருமிப் பயம்தான் அக்கா" என்று முடித்தேன்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"கிருமியோ? நிலா சின்னனா இருக்கேக்க அவள் கடிச்சு வைச்ச அப்பிள் எத்தினை திண்டிருப்பீர்! போன கோடையில என்ரை பேத்தி நக்கின ஐஸ்கிறீமை வாங்கி நக்கினனீர், நான் பாத்தனான். அப்ப எங்க போனது உம்மடை கிருமி?"

"அது பிள்ளைங்க..."

"ஓம், எங்கட பிள்ளையள். அதைத்தான் சொல்லுறன். உமக்குக் கிருமி இல்லை, கோமதி. ஆரின்ரை வாய் எண்டதுதான் உமக்குக் கணக்கு."

அவர் தந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வழியில் தெப்பானர் என்கிற தெருமுனைக் கடையில் பால் வாங்கக் காரை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சின்ன வயதில், திருநெல்வேலியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், கிணற்றடிச் சுவரில் ஓர் ஆணி. அதில் ஓர் அலுமினியக் குவளை தொங்கும். தோட்டம் கொத்த வருகிற செல்லையாவுக்கு. அவருக்கு என் அப்பா வயது. அம்மா சொம்பை உயர்த்திப் பிடித்து அந்தக் குவளைக்குள் காப்பி ஊற்றுவாள், சொம்பு குவளையில் படாது. அவர் தள்ளி நின்று குடிப்பார், அவரே கழுவுவார், அவரே மாட்டிவிட்டுப் போவார். அந்தக் குவளையை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை. அம்மாவும் செல்லையாவிடம் அன்பாகத்தான் பேசுவாள். வீட்டில் என்ன பலகாரம் செய்தாலும் அவர் பிள்ளைகளுக்கென்று எடுத்துவைப்பாள்.

மாண்டிவிடியோவில் பூப்போட்ட கோப்பையைக் கையில் வாங்கியபோது எனக்கு ஏன் அப்படிச் சுருக்கென்றது என்று அந்தக் காரில் வைத்துத்தான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. வேறு என்ன சொல்ல.

நோர்மா வந்தார்

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நோர்மா மகனோடு வந்து இறங்கினார். எங்கள் கொல்லையில் மூலைப் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது. பெட்டியில் இரண்டு கிலோ பச்சை இலைத்தூள். வாழ்நாள் முழுக்கச் சுங்கத்தில் வேலை பார்த்தவர், மாண்ட்ரியல் விமான நிலையத்தில் சுங்கத்தைத் தாண்டப் பயந்தாராம். அதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் காலை எங்கள் சமையலறை மேஜையைச் சுற்றி ஐந்து பேரும் உட்கார்ந்தோம். நோர்மா ஓர் அட்டைப்பெட்டியை என் முன்னால் நகர்த்தினார். திறந்தேன். புத்தம் புதிய சுரைக்குடுவை, புத்தம் புதிய குழல். குடுவையின் விளிம்பில் என் பெயரைச் செதுக்க வைத்திருந்தார்.

"உங்களுக்கு மட்டும்" என்றார் பிரெஞ்சில், ஒவ்வொரு வார்த்தையாக. "வேறு யாரும் இதில் குடிக்க மாட்டார்கள்."

எவ்வளவு யோசித்திருக்கிறார் அந்த மனுஷி! நிலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டைக் கடித்திருந்த விதத்தில் நாலு வயதில் ஊசி போடக் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது.

நான் அந்தக் குடுவையை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சாமி அலமாரியில் வேலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். வந்து என் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அது சாமிகிட்ட இருக்கட்டும்" என்று நிலாவிடம் சொன்னேன். "நான் எல்லாரோடயும் குடிக்கேன்னு சொல்லு."

அவள் ஸ்பானிய மொழியில் சொன்னாள்.

பழைய குடுவை கிளம்பியது. நோர்மா, மத்தியாஸ், நிலா, இவர். இவர் சர்ரென்று உறிஞ்சிவிட்டு வாயைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார். நோர்மா வெந்நீர் ஊற்றினார். ஊற்றிவிட்டு, மேஜையில் இருந்த டிஷ்யூ ஒன்றை உருவி, எனக்காகக் குழலின் நுனியைத் துடைக்கப் போனார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "நோன்" என்றேன். டிஷ்யூவை மெல்ல அவர் விரலிலிருந்து எடுத்து அதிலேயே என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கசப்பென்றால் கசப்பு, நிலவேம்புக் கஷாயம் தோற்றது. குழல் சூடாக இருந்தது. கடைசிச் சொட்டுவரை, சத்தம் வரும்வரை உறிஞ்சினேன். முதுகில் யாரும் அடிக்கவில்லை.

குடுவையை நோர்மாவிடம் நீட்டினேன். எது வாங்கினாலும் நன்றி சொல் என்று இந்தப் பெண்ணை அடித்து வளர்த்தவள் நான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ம்மா," என்றாள் நிலா, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தேங்க்ஸ் சொல்லலயா?"

"எதுக்குச் சொல்லணும்? நீ சாப்பிட்டியா மொதல்ல?"

"இல்லம்மா. நீ?"

நோர்மா குடுவையை நிரப்பித் தான் குடித்தார். பிறகு மத்தியாஸ், பிறகு நிலா, பிறகு இவர். மறுபடி என்னிடம் வந்தபோது அந்தக் குழலில் ஐந்து வாய் பட்டிருந்தது. அதில் ஒன்று என்னுடையது.